சர்க்கஸ் கூடாரத்தை விட்டு யானை வெளியே வந்த கதை



விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் போதும், மார்சிலிங்கில் எங்களைப் போன்ற ஆலயத் தொண்டூழியர்களிடம் பிள்ளைகள் ஒரு கேள்வியைக் கொண்டு வந்துவிடுவார்கள். "ஊர்ல கோயில் வாசல்ல யானை நிக்குது, தும்பிக்கையால ஆசீர்வாதம் பண்ணுது. இங்க ஏன் இல்ல?" பெரியவர்களின் கேள்வி வேறு மாதிரி. "இன்னிக்கு சர்க்கஸ் யானைக்குத் தடை போட்டாங்க. நாளைக்குக் கோயில் யானை, நாளன்னிக்கு என்ன?" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை அனுப்பி, நாங்கள் என்ன நினைக்கிறோம் என்று கேட்கிறார்கள்.

இரண்டுக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. சர்க்கஸிலிருந்து யானை எப்படி வெளியே வந்தது, யார் என்ன வாதம் வைத்தார்கள் என்பது தெரிந்தால்தான் நம் கோயில்களைப் பற்றி நிதானமாகப் பேச முடியும். பதிவு கொஞ்சம் நீளம். பிரசாதம் வாங்க நிற்கும் வரிசையில் காட்டும் பொறுமையை இதிலும் காட்டுங்க.

முதலில் சர்க்கஸ். இன்று நாம் பார்க்கும் வட்ட மேடை சர்க்கஸை 1768-ல் லண்டனில் தொடங்கியவர் பிலிப் ஆஸ்ட்லி. அவருடையது குதிரைச் சாகசம். யானை பின்னால்தான் வந்தது, வந்த பிறகு அதுதான் முதல் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1882-ல் அமெரிக்காவின் பார்னம், லண்டன் விலங்கியல் தோட்டத்திலிருந்து 'ஜம்போ' என்ற ஆப்பிரிக்க யானையை வாங்கிக்கொண்டு போனார். இங்கிலாந்தில் அதற்குப் பெரிய எதிர்ப்பு, பிள்ளைகள்கூடக் கடிதம் எழுதினார்கள். ஜம்போ போய்ச் சேர்ந்த மூன்றே வருடத்தில், 1885-ல், கனடாவில் சர்க்கஸ் ரயிலில் ஏற்றப்போகும் நேரத்தில் சரக்கு ரயில் மோதி இறந்தது. 'ஜம்போ' என்றால் பெரியது என்று இன்றும் சொல்கிறோம். அந்தப் பேருக்குச் சொந்தக்காரன் தண்டவாளத்தில் செத்த கதை நமக்குத் தெரியாது.

இந்திய சர்க்கஸ் பிறந்ததும் ஒரு சவாலில்தான். 1879-ல் இத்தாலியர் கியாரினியின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்தது. இப்படி ஒன்றை இந்தியர்களால் நடத்த முடியாது என்ற பேச்சு எழுந்தது. விஷ்ணுபந்த் சத்ரே என்ற மராட்டியர் அதை ஏற்கவில்லை. 1880 மார்ச்சில் 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' தொடங்கினார். அவருடைய தொடர்பில் தலைச்சேரியின் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-ல் அங்கே சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். அதற்குப் பிறகு பல தலைமுறைகளுக்கு இந்திய சர்க்கஸ்காரர் என்றால் தலைச்சேரிக்காரர் என்று ஆகிவிட்டது. 1951-ல் வந்த ஜெமினி சர்க்கஸும் அந்தக் கிளையில் முளைத்ததுதான்.

நம் தமிழ்ப் படங்களும் சர்க்கஸை விடவில்லை. 1948-ல் 'சந்திரலேகா', 1966-ல் 'பறக்கும் பாவை', 1989-ல் 'அபூர்வ சகோதரர்கள்' என்று மூன்று தலைமுறை ரசிகர்கள் கூடாரத்தைத் திரையில் பார்த்தார்கள். அதனால் சர்க்கஸ் யானையைப் பற்றிப் பேசும்போது அதை வில்லன் கூட்டத்தின் கதையாகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அதில் உழைத்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். வெள்ளைக்காரன் முன்னால் 'எங்களாலும் முடியும்' என்று நிரூபித்தவர்கள்.

சிங்கப்பூருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. கப்பல் வந்து போகும் ஊர் என்பதால் ஹார்ம்ஸ்டன் போன்ற பயண சர்க்கஸ்கள் இங்கே அடிக்கடி கூடாரம் போட்டன. 1902-ல் பீச் ரோட்டில் நடந்த ஒரு காட்சியிலிருந்து தப்பித்த புலி, ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் போய்ப் பதுங்கியது. அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். புலியின் பக்கம் நின்று பாருங்க, வேடிக்கை ஒன்றும் இல்லை.

யானை நமக்கு அந்நியமும் இல்லை. 1871-ல் சயாம் மன்னர் சூலலோங்கோர்ன் இங்கே வந்துபோனதன் நினைவாகக் கொடுத்த வெண்கல யானை, பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் இன்றும் நிற்கிறது. 1990-ல் நிஜ யானையே வந்தது! ஜொகூரிலிருந்து மூன்று காட்டு யானைகள் கடலில் நீந்தி தேக்கோங் தீவில் கரையேறின. மலேசிய வனவிலங்குத் துறையினர் வந்து, சில நாள் தேடிப் பிடித்து, திரும்ப ஜொகூருக்கே கொண்டுபோனார்கள். கடற்பாலத்துப் பக்கம் நின்று நாம் தினமும் பார்க்கும் அதே ஜொகூர் நீரிணைதான். எல்லைக்கோடு, குடிநுழைவு எதுவும் யானைக்குத் தெரியாது. தீனி இருக்கும் இடத்துக்கு நடக்கும், தண்ணீர் வந்தால் நீந்தும். அதன் சுபாவமே நடை.

சர்க்கஸ் வழக்கின் மையமும் இதுதான். யானை அடிபடுகிறதா இல்லையா என்பது மட்டும் கேள்வி இல்லை. பெண் யானைகள் தாய், பாட்டி, சித்தி என்று கூட்டமாக வாழ்நாள் முழுவதும் சேர்ந்தே இருக்கும். மூத்த பெண் யானைதான் வழி காட்டும். தாய் சுமார் 22 மாதம் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனும். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி வேண்டும். அப்படிப்பட்ட ஜீவனை லாரியில் ஏற்றி, ஊர் ஊராக இறக்கி, காட்சி நேரம் போக மீதி நேரமெல்லாம் காலில் சங்கிலியோடு ஒரே இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டு, உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துக்கொண்டே இருக்கும். 'யானை தாளம் போடுது' என்று சொல்லிச் சிரிப்போம். கால்நடை மருத்துவர்கள் அதை மன அழுத்தத்தின் அடையாளம் என்கிறார்கள்.

1994 ஆகஸ்டில் ஹவாயின் ஹொனலூலுவில் 'டைக்' என்ற சர்க்கஸ் யானை, காட்சி நடக்கும்போதே பயிற்சியாளரைக் கொன்றுவிட்டுத் தெருவில் ஓடியது. போலீசார் பலமுறை சுட்டுத்தான் அதை வீழ்த்த முடிந்தது. அந்தப் படக்காட்சி உலகம் முழுக்கப் போனது. யானை ஏன் அப்படிச் செய்தது என்று அதற்குப் பிறகுதான் பலர் கேட்க ஆரம்பித்தார்கள்.

இந்தியாவில் சட்டம் வந்த வழி வேறு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-ல் யானை அதன் முதல் அட்டவணைக்குப் போனது. மைசூர் காக்கன்கோட்டையில் கூட்டமாக யானைகளை விரட்டிப் பிடித்த 'கெட்டா' முறையும் 1971-க்குப் பிறகு நின்றுபோனது. ஆனால் உரிமைச் சான்றிதழ் இருந்தால் யானையை வைத்துக்கொள்ளலாம் என்ற வழி திறந்தே இருந்தது. கோயில், மடம், மர வேலை, தனியார், சர்க்கஸ் எல்லாருக்கும் அந்த ஒரே வழிதான்.

1991 மார்ச்சில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, நாய் ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது, காட்டவும் கூடாது. சர்க்கஸ் கூட்டமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. மறுபரிசீலனைக்குப் பிறகு 1998 அக்டோபரில் வந்த புதிய பட்டியலில் நாய் போய்ச் சிங்கம் சேர்ந்தது. 2000 ஜூனில் கேரள உயர் நீதிமன்றமும், 2001 மே 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்தத் தடை செல்லும் என்றன. கூடாரங்களிலிருந்து வந்த சிங்கம், புலிகளுக்காக வண்டலூர் உட்படச் சில இடங்களில் மீட்பு மையங்கள் அமைந்தன.

அந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை படிங்க. யானை இல்லை!

காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. யானை நம் ஊரில் காட்டு விலங்காகவும் இருக்கிறது, வீட்டு விலங்குபோலவும் இருக்கிறது. ராஜா ஏறினார், சாமி ஏறினார், மரம் இழுத்தது. 'ஆயிரம் வருஷமா மனுஷனோட இருக்கு' என்று சர்க்கஸ் முதலாளிகள் சொன்னபோது யாராலும் சட்டென்று மறுக்க முடியவில்லை. அவர்கள் கேட்ட இன்னொரு கேள்வி நமக்கு நேராக வந்து நிற்பது: "கோயில்ல சங்கிலியோட நிக்கலாம், திருவிழாக் கூட்டத்துல நடக்கலாம். எங்க கூடாரத்துல மட்டும் நிக்கக் கூடாதா?"

இந்தக் கேள்வியை நாங்கள் ஒதுக்கிவிட விரும்பவில்லை. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பிறகு சொல்கிறோம்.

சிங்கப்பூர் இதில் முந்திக்கொண்டது. பயண சர்க்கஸ்களில் காட்டு விலங்குகள் வித்தை காட்டுவதை அன்றைய வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் 2002 ஜனவரியிலிருந்து அனுமதிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அந்த ஆணையத்தின் விலங்கு தொடர்பான பொறுப்புகள் 2019-லிருந்து தேசியப் பூங்காக் கழகத்திடம் இருக்கின்றன. நிலையான இடத்தில் இயங்கும் மண்டாய் விலங்கியல் தோட்டத்துக்கு இது பொருந்தாது. அதுவும் சரியா என்று கேட்பவர்கள் உண்டு, அது தனி விவாதம். ஊர் ஊராக லாரியிலும் கப்பலிலும் இழுத்துக்கொண்டு போவதைத்தான் இங்கே முதலில் நிறுத்தினார்கள். சர்க்கஸ் அதனால் செத்துப்போய்விட்டதா? ஒரு விலங்குகூட இல்லாத 'சிர்க் டு சோலே' பேஃபிரண்டில் கூடாரம் போட்டபோது வந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

உலகம் பின்னாலேயே வந்தது. 2009-ல் பொலிவியா சர்க்கஸில் எல்லா விலங்குகளையும் தடை செய்தது. அமெரிக்காவின் ரிங்லிங் பிரதர்ஸ் 2016 மே மாதம் கடைசியாக யானைகளை மேடையேற்றியது. அடுத்த வருடம் சர்க்கஸையே மூடி, 2023-ல் விலங்கு இல்லாமல் மறுபடி ஆரம்பித்தது. இங்கிலாந்தில் 2020 ஜனவரியில் தடை நடைமுறைக்கு வந்தது. டென்மார்க் அரசாங்கம் 2019-ல் தன் நாட்டில் மிச்சமிருந்த நான்கு சர்க்கஸ் யானைகளைப் பணம் கொடுத்தே வாங்கி ஓய்வு கொடுத்தது. 'தடை' என்று காகிதத்தில் எழுதிவிட்டு யானையையும் அதை நம்பியிருந்தவரையும் நடுத்தெருவில் விடாமல் செய்த காரியம் என்பதால் எங்களுக்கு இது மிகவும் பிடித்தது.

இந்தியாவில் அந்த இடத்தில்தான் இடறியது. யானையை 2010 அக்டோபரில் தேசியப் பாரம்பரிய விலங்காக அறிவித்தார்கள். மத்திய விலங்கியல் பூங்கா ஆணையம், யானைகளை வைத்திருந்த சர்க்கஸ்களின் அங்கீகாரத்தை ஒவ்வொன்றாக ரத்து செய்தது. 2018 நவம்பரில் சர்க்கஸில் எந்த விலங்கையும் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. ஒரே அடியாக இல்லாமல் இப்படிப் படிப்படியாகக் கூடாரத்தில் யானைக்கு இடம் சுருங்கிக்கொண்டே போனது. கலைஞர்களின் கதை என்ன ஆனது? 2011-ல் குழந்தைகளைச் சர்க்கஸில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் சரியான தீர்ப்புதான். ஆனால் விலங்கும் போய், வித்தை கற்க இளம் பிள்ளைகளும் வராமல், டிவியும் கைப்பேசியும் வந்த பிறகு பல கூடாரங்கள் மடிந்தன. வாழ்நாளெல்லாம் யானையோடு படுத்து எழுந்த பாகனுக்கு அதற்கடுத்து என்ன வேலை? இந்தக் கேள்வியைக் கேட்காமல் 'நல்ல சட்டம்' என்று கைதட்டிவிட்டுப் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது நம் கோயில் வாசலுக்கு வருவோம்.

'நம்ம சம்பிரதாயத்துல கை வைக்கிறாங்க' என்ற பயம் ஏன் வருகிறது என்பது எங்களுக்குப் புரிகிறது. 2014-ல் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்ததையும், 2017-ல் மெரினாவில் பிள்ளைகள் திரண்டதையும், 2023-ல் உச்ச நீதிமன்றம் தமிழக அரசின் சட்டத்தை ஏற்றதையும் இங்கிருந்தே பார்த்தவர்கள் நாம். விலங்கின் பேரைச் சொல்லி யாராவது வந்தால் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் காளை வளர்ப்பவர் வீட்டில் பிறந்து, வீட்டில் வளர்வது. கோயில் யானை அப்படி இல்லை. காட்டிலோ முகாமிலோ தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டது. தன் இனத்தின் இன்னொரு முகத்தைப் பார்க்காமலேயே கருங்கல் தரையில் நாற்பது ஐம்பது வருடம் நிற்க வேண்டியது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சர்க்கஸ் முதலாளியின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். கோயிலில் நிற்பதால் சங்கிலியின் கனம் குறையாது. கூடாரத்தில் எது தவறோ அது கோபுரத்தின் கீழும் தவறுதான். 'நாங்க பக்தியோட வச்சிருக்கோம்' என்றால், அந்தப் பக்தி யானையின் தீனியில், குளியலில், நடையில், துணையில் தெரிய வேண்டும்.

தமிழ்நாடு இதை உணராமல் இல்லை. 2003-ல் கோயில் யானைகளுக்கு முதுமலை தெப்பக்காட்டில் புத்துணர்வு முகாம் தொடங்கியது. பின்னாளில் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பவானி ஆற்றங்கரையில் 48 நாள் முகாமாக நடந்தது. வருடமெல்லாம் தனியாக நின்ற யானைகள் அங்கே ஒன்றையொன்று தும்பிக்கையால் தடவிப் பார்த்த படங்களைப் பத்திரிகையில் பார்த்திருப்பீங்க. 2011-ல் வளர்ப்பு யானைகளுக்கென்று தனி விதிகளும் வந்தன. இதையும் மீறி நடந்தவை மனதைக் கனக்க வைக்கின்றன. 2022 நவம்பர் 30 காலையில் புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி நடைபோகும்போதே சாலையில் சுருண்டு விழுந்து இறந்தது. ஊரே அழுதது. 2024 நவம்பரில் திருச்செந்தூரில் தெய்வானை தாக்கி அதன் பாகனும் உறவினரும் உயிரிழந்தார்கள். லட்சுமியும் பாவம், தெய்வானையும் பாவம், அந்தப் பாகனின் குடும்பமும் பாவம். யாரைக் குற்றம் சொல்வது?

2023-ல் லலிதா என்ற யானையின் வழக்கில், இனி கோயில்களோ தனியாரோ புதிதாக யானை வாங்கக் கூடாது என்ற திசையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு வழிகாட்டியது. அதே 2023 பிப்ரவரியில் திருச்சூர் இரிஞ்ஞாடப்பள்ளி ஸ்ரீகிருஷ்ணன் கோயில், பத்தடிக்கு மேல் உயரமான இயந்திர யானையை நடையிருத்தியது. காது அசையும், தும்பிக்கை தூக்கும், முதுகில் திடம்பு ஏற்றலாம். சிலர் சிரித்தார்கள். நம் கோயில்களில் சாமி மர யானை வாகனத்தில் புறப்பாடு ஆகும்போது யாராவது சிரித்தோமா?

யானைக்கும் மனிதனுக்கும் உறவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தெப்பக்காட்டின் பொம்மனும் பெள்ளியும் தாயை இழந்த குட்டிகளைப் பிள்ளைபோல வளர்த்த கதை 2023-ல் ஆஸ்கர் வரை போனது. அங்கே யானை காட்டின் மடியில், ஆற்றோரத்தில் இருக்கிறது. உறவு வேண்டும், இடம்தான் மாற வேண்டும்.

நம் புராணமும் இதற்கு எதிராக நிற்கவில்லை. கஜேந்திர மோட்சம் நமக்குத் தெரியாததா? முதலை காலைப் பிடித்தபோது 'ஆதிமூலமே' என்று யானை கூப்பிட்டது. பெருமாள் ஓடி வந்தார், காலை விடுவித்தார். கபிஸ்தலத்தில் இன்றும் அந்தக் கோலத்தை வணங்குகிறோம். திருவானைக்காவில் யானை தானாக வந்து பூசை செய்தது, யாரும் கட்டி இழுத்து வரவில்லை. அதே தலபுராணத்தில், மறுபிறவி எடுத்த கோச்செங்கட்சோழன் யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டினான். யானை வாசலில் இல்லாவிட்டால் கோயிலுக்குக் குறை என்று எந்த ஆகமமும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

ஆகவே பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்க: "நம்ம கோயில்ல யானை இருக்கு. கருவறையில பிள்ளையாரா உட்கார்ந்திருக்கார். நிஜ யானை காட்டுல அதோட அம்மாகூட இருக்கட்டும்."

பெரியவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஊருக்கு யாத்திரை போகும்போது 'யானை முடி மோதிரம், கண் திருஷ்டிக்கு நல்லது' என்று யாராவது விற்றால் வாங்காதீங்க. இந்தியாவில் அதை விற்பது குற்றம். அனுமதிப் பத்திரம் இல்லாமல் சிங்கப்பூருக்குக் கொண்டு வருவதும் சட்டப்படி தவறு. 2019 ஜூலையில் இங்கே பிடிபட்ட 8.8 டன் தந்தம் ஏறக்குறைய 300 யானைகளின் உயிர். 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் யானைத் தந்தம் விற்கவும், விற்பனைக்கு வைக்கவும் தடை. சமய நோக்கத்துக்காகக் காட்சிக்கு வைப்பதற்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் வீட்டில் பழைய தந்தச் சிலை இருக்கிறது என்று அதை விற்கக் கிளம்ப வேண்டாம்.

இரண்டாவது, கோயில் யானைக்கு நூறு ரூபாய் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கும்போது ஒரு நிமிடம் அதன் காலைப் பாருங்க. புண் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா? இல்லை என்றால் அந்தக் கோயில் அலுவலகத்தில் மரியாதையாகக் கேளுங்க. பாகனைத் திட்டாதீங்க, அவர் சம்பளம் எவ்வளவு என்று விசாரிங்க. அப்படிக் கேட்கும் பக்தர்கள் நூறு பேர் இருந்தால், வெளியிலிருந்து யாரும் வந்து நமக்குச் சட்டம் போட வேண்டிய தேவையே வராது.

சர்க்கஸ்காரர்கள் தாமாகக் கேட்கவில்லை, அதனால் அவர்களுக்காக நீதிமன்றம் கேட்டது. நாம் முன்னாலேயே கேட்டுவிடலாம். சம்பிரதாயத்தைக் காப்பாற்றும் வழியும் அதுதான்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமா எழுதுங்க, ஆலயத்தில் பார்க்கும்போது நேரிலும் பேசலாம். கஜமுகன் அருள் எல்லாருக்கும், எல்லா யானைகளுக்கும், எல்லாப் பாகன்களுக்கும் கிடைக்கட்டும்.

அன்புடன்,
ஆலயத் தொண்டூழியர்கள், மார்சிலிங்